பெண் பார்க்க வந்தவர்கள் ஜெர்மன் பேசிக் காட்டச் சொன்னார்கள்

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

(வாழ்த்துச் சொல்லக் கிளம்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.)

எனக்குக் காரைக்குடிப் பக்கம் புதுவயல். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு ரைஸ் மில். நான் சென்னையில் எம்.ஏ. ஜெர்மன் படிக்கிறேன். மொழி, இலக்கியம், பண்பாடு எல்லாம் சேர்த்து. ஊரில் இதை ஒருத்தருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. பக்கத்து மில்லுக்காரர், மெஷினோடு வந்த ஜெர்மன் புத்தகத்தை நீட்டி, "ஆத்தா, இந்த பெல்ட்ட எங்குட்டு மாட்டுறதுன்னு பாத்துச் சொல்லு" என்பார். நான் படிப்பது கவிதை.

அப்பா மட்டும் ஆரம்பத்திலிருந்தே என் கட்சி. இன்ஜினியரிங் சேர்க்கச் சொல்லி மாமாக்கள் வரிசையாக வந்தபோது, "எம்புள்ள ஆசப்பட்டதப் படிக்கட்டும், ஒங்களுக்கென்ன?" என்று அனுப்பிவைத்தவர்.

அதனாலேயே அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சிக்கல் இதுதான். வரும் ஏப்ரலில் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் போய்ப் படிக்க, எங்கள் துறையில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் லீவில் ஊருக்கு வந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் அம்மா, "ஞாயித்துக்கெழம திருப்பத்தூர்ல இருந்து பொண்ணு பாக்க வாராக. தையிலயே முகூர்த்தம் வச்சுக்கலாம்னு சொல்றாக" என்றார். அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். சொல்ல வந்ததை முழுங்கிவிட்டேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அண்ணன் மனைவி.

வெள்ளைப் பணியாரம் போனது, காபி போனது. மாப்பிள்ளையின் அப்பா, "பாட்டுக் கீட்டுப் பாடத் தெரியுமாத்தா?" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே வந்தார். "இப்ப யாரு பாட்டுக் கேக்குறா? புள்ள ஜெர்மன்ல படிக்குதாம்ல. எங்க, ரெண்டு வார்த்த பேசு, கேப்போம்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பேசு ஆத்தா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் பண்பாட்டுப் பேப்பரில் ஒன்று சொல்லித்தருவார்கள். ஜெர்மன்காரர்களிடம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். (நம் வீட்டில் பணியாரம் வேண்டாம் என்றால் தட்டில் இன்னும் ரெண்டு விழும்.) அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன். இங்கே யாருக்குப் புரியப்போகிறது?

நன்றாகச் சிரித்த முகத்தோடு ஜெர்மனில் சொன்னேன். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். ஏப்ரலில் ஜெர்மனிக்குப் போய்ப் படிக்க வேண்டும். என் அப்பா ரொம்ப நல்லவர். அவரிடம் தமிழில் முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் அவர் முன்னால் உட்கார்ந்து இந்த மொழியில் சொல்கிறேன். மாப்பிள்ளை மேல் எந்தக் குறையும் இல்லை. பணியாரத்தை நம்பிச் சாப்பிடலாம், நான் சுடவில்லை.

எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, பெருமையில்.

அண்ணன் மனைவி மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

மாமியார் அவர் பக்கம் திரும்பி, "ஏத்தா கவிதா, நீயும்தான் அங்க நர்சு வேலைக்குப் போகணும்னு மதுரைக்கு ஜெர்மன் கிளாஸ் போறியே. புள்ள என்ன சொல்லுச்சு?" என்றார்.

நர்ஸிங் முடித்தவர்கள் எல்லாம் ஜெர்மன் கிளாஸுக்கு ஓடும் காலம் இது. என் கூடப் படிப்பவர்களே அந்த கிளாஸ்களில் பாடம் எடுக்கிறார்கள். அங்கே படிக்கிற ஒருத்தர் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார் என்று எனக்குத்தான் உறைக்கவில்லை.

கவிதா அக்காவைக் கண்ணாலேயே கும்பிட்டேன். "வெளங்கல அத்த" என்று அவர் தப்பவிட்டிருக்கலாம். விடவில்லை. என் அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"மாமா, ஒங்களப் பத்தித்தான் சொல்லுச்சு. நீக ரொம்ப நல்லவுகளாம். ஒங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரலையாம். ஏப்ரல்ல ஜெர்மனிக்குப் படிக்கப் போகணுமாம். இப்பக் கல்யாணம் வேணாமாம்."

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. (மாப்பிள்ளை மட்டும் திறந்தார், பணியாரத்துக்கு.)

அப்பா என்னையே பார்த்தார். "இதத் தமிழ்ல சொல்லியிருந்தா ஒன்னய என்ன, கடிச்சா தின்னுருப்பேன்?"

"ஒங்க மொகத்துல அம்புட்டுச் சந்தோசம்ப்பா" என்றேன். அழுதுவிட்டேன்.

"நீ படிக்கப் போறேன்னாலும் எனக்குச் சந்தோசந்தான். சொன்னாத்தான தெரியும்?" என்றார் அப்பா. பிறகு வந்தவர்களிடம் கையெடுத்து, "தப்பா எடுத்துக்காதீக. வீடு தேடி வந்திருக்கீக..." என்று இழுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். "அதுல என்னண்ணே இருக்கு. எங்க வீட்டுலயும் ஒருத்தி அடுப்படியில நின்னு ஜெர்மன்ல பேசிக்கிட்டேதான் இருக்கா. படிக்கிறான்னு நெனச்சேன். என்னயத்தான் வையிறாளோ என்னமோ."

கிளம்பும்போது வாசலில் கவிதா அக்கா என் கையைப் பிடித்தார். வார்த்தை வார்த்தையாகத் தேடி, ஜெர்மனில் சொன்னார்: "என்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு இந்த மொழி தெரியாது."

ஒரு பிழை இல்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

இன்று காலையில் அப்பா மில்லுக்குக் கிளம்பியவர் பாதியில் திரும்பி வந்தார். "ஏத்தா, அங்குட்டுப் பனி கொட்டுமாம்ல. ஸ்வெட்டரு மதுரையிலயே கெடைக்குமா, இல்ல ஊட்டிக்குத்தான் போகணுமா?"

(தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவர் ஊட்டிக்கே கிளம்பிவிடுவார்.)

மாப்பிள்ளை எப்படி என்று கேட்காதீர்கள், நான் சரியாகவே பார்க்கவில்லை. அந்த வீட்டில் எனக்குப் பிடித்துப்போனது மூத்த மருமகளைத்தான். அவருக்கு ஸ்பீக்கிங் தேர்வு வருகிறது. இன்று சாயங்காலத்திலிருந்து போனில் பேசிப் பழகுகிறோம்.

என்ன தலைப்பில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்றதுல இருந்து ஆரம்பிப்போம்" என்றார்.