எருக்குழியில் கிடைத்த முத்து

தூத்துக்குடித் துறைமுகத்துக் கிட்டங்கியில் சீமை உர மூட்டைகளை இறக்கி அடுக்குவது என் மாமாவின் வேலை. அந்த உரத்தை யாரும் வாங்காதீர்கள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிவது அவருடைய பொழுதுபோக்கு. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. காய்கறி விற்ற விலைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் கொல்லையில் நாலு செடி போட்டிருந்தார்கள். உப்பு மாதிரி வெளுத்திருந்த சீமை உரத்தை வாங்கி வந்து தூவினார்கள். மாமா வீடு வீடாகப் போய், மண்ணுக்குச் சோறு போட வேண்டும், உப்பை மட்டும் போட்டால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று விளக்குவார். காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

செய்து காட்டிவிடுவது என்று ஆனி மாதம் தன் கொல்லையில் பெரிய குழி வெட்டினார். மீன் குடல், ஆட்டுப் புழுக்கை, சாம்பல், வேப்பஞ்சருகு, பழைய முத்துக்குளிப்பில் மிஞ்சிக் கடற்கரையில் கிடந்த சிப்பி ஓடும் மணலும் ஒரு வண்டி, எல்லாம் அதற்குள் போயின. நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். பூனைகளுக்கு மட்டும்தான் மாமாவின் மேல் மரியாதை இருந்தது.

புரட்டாசியில் எல்லாம் மக்கிக் கறுத்து, நாற்றமும் அடங்கிவிட்டது. தெருக்காரர்கள்தான் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆள் சேர்த்துக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமைக்குள் குழியை அள்ளிக் கடலில் கொட்டாவிட்டால் முனிசிபாலிட்டிக்கு எழுதிப்போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை. எட்டு வயதுச் சிறுமியான எனக்கு அவர் முகத்தைப் பார்க்க அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டு, தன் கத்தரிச் செடிகளுக்கென்று குழியோரத்து எருவைச் சலித்துத் தரச் சொன்னாள். மூன்றாவது சல்லடையில் அது கிடைத்தது. மிளகளவுதான், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், ஆனால் முத்து. நான் போட்ட கூச்சலில் அண்ணாச்சி ஓடி வந்தார். வாங்கிப் பல்லில் உரசிப் பார்த்தார்.

"ஏளா, இது எங்கன கிடைச்சுது?"

"எங்க மாமா குழியில."

மழை பெய்து ஓய்ந்தால் பழைய முத்துக்குளிப்பு மணலைச் சலிக்கப் போகிற ஊர் எங்களுடையது. மத்தியானத்துக்குள் தெருவே சல்லடையும் சுளகுமாக வந்து நின்றது. மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஆளுக்கு ரெண்டு கடவப்பெட்டி அள்ளிக்கிடுங்க. சலிச்சதைத் தெருவுல கொட்டப்படாது. அவங்கவங்க செடி மூட்டுலதான் கொட்டணும்."

வெள்ளிக்கிழமைக்கு முன்பே குழி காலி. வேறு யாருக்கும் முத்து கிடைக்கவில்லை. மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அப்புறம் ஐப்பசி மழை விழுந்தது. கத்தரியும் வெண்டையும் கொத்துக் கொத்தாய்க் காய்த்தன. அண்ணாச்சி வீட்டுப் பூசணி கூரையில் ஏறிப் படுத்துக்கொண்டது. மார்கழியில் அவரே ஒரு சட்டி மீன் குடலை ஏந்திக்கொண்டு மாமா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏலே, அடுத்த குழி எப்பம் வெட்டுத?"

முத்து என் தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பொங்கலன்றுதான் கவனித்தேன், அத்தையின் இடது காதுக் கம்மலில் முத்து இருந்த இடம் குழியாகக் கிடந்தது. எங்கேயோ விழுந்துவிட்டது என்றாள். எனக்குப் பாவமாகிவிட்டது, என் முத்தைக் கொடுத்துவிட்டேன். ஆசாரி அதை வைத்துப் பார்த்தார். கோணல் உட்படக் கச்சிதமாகப் பொருந்தியது. இப்படியும் ஓர் அதிர்ஷ்டமா என்று நான் அதிசயித்து நின்றேன். மாமாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என் தாராள மனசை மெச்சித்தான் சிரிக்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.