அழைத்துச் செல்வது தொடர்பாக

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நான் செம்மேடு என்ற மலையூரில் பள்ளி ஆசிரியர். குடியிருந்த வீட்டின் முன்னறையில் என் மனைவி டைப்பிங் வேலை செய்தாள். மனுவோ கல்யாணப் பத்திரிகையோ, மலையில் பலரும் அவளிடம்தான் வருவார்கள். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் இரண்டு இயங்குதளங்கள்: அவளுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றியதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் இரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்கும். பத்து விநாடிக்குள் சொல்லாவிட்டால் தானாக லினக்ஸுக்குள் போய்விடும். அப்படி வைத்தது நான்தான். ஆனால் எங்கள் பிரிண்டர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மலையில் கரண்ட் அடிக்கடி போகும். வந்ததும் அவள் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். ஈரக்கையோடு ஓடி வருவதற்குள் பத்து விநாடி முடிந்திருக்கும். மறுபடி அணைக்க வேண்டும், மறுபடி போட வேண்டும். வரிசையை மாற்றி வைக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்பேன். சோம்பல் இல்லை, வீம்பு. விண்டோஸை முதலில் வைத்தால் நான் தோற்றது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஆட்கள் காத்திருக்க, மூன்று முறை இப்படி ஆயிற்று. நான் அப்போதும் சிரித்தேன். அவள் கத்தவில்லை.

"இந்த ஊட்டுல எனக்குன்னு பத்து செகண்டுதானுங்க இருக்குது" என்றாள்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் காரவள்ளியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படிப் போன பெண் தானாகத் திரும்ப மாட்டாள். கட்டியவன் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். போனில் கூப்பிட்டால் கூப்பிட்டதாகாது. எனக்கும் அது தெரியும். சொல்லாமல் போனவள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும், அப்புறம் போகலாம் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலமெல்லாம் லினக்ஸோடுதான் பொழுது போயிற்று. மூன்றாம் நாள் அவள் நினைப்பில், லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை எட்டிப் பார்த்தேன். 'மனு' என்ற பெயரில் ஒன்று புதிதாக இருந்தது. திறந்தால் அவள் அடிக்கும் தமிழ் எழுத்துரு என் லினக்ஸில் இல்லாததால் வரிவரியாக ஏதேதோ குறிகள். யாருடைய மனுவோ என்று மூடிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் சந்தை. மிளகு விற்க வந்த ஒரு விவசாயி வாசலில் நின்றார்.

"அம்மிணி இல்லீங்களா? பட்டா மனு ஒன்னு அடிச்சு வெக்கறேன்னு சொல்லுச்சுங்க."

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். பிரிண்ட் எடுக்க வேண்டுமே என்று அவள் போனபிறகு முதல் தடவையாக விண்டோஸைத் திறந்தேன். திரையின் நட்டநடுவில் அந்த 'மனு'. அவருடையதுதான் என்று நினைத்துத் திறந்தேன்.

பெறுநர் என்ற இடத்தில் நான் இருந்தேன். பொருள்: அழைத்துச் செல்வது தொடர்பாக. "ஐயா, மனுதாரர் கோபத்தில் பேசியது உண்மை. இப்போது கோபம் இல்லை. சண்டை என்று அப்பாவிடம் சொல்லப்போவதில்லை. தாங்கள் ஒருமுறை நேரில் வந்து கூப்பிட்டால் உடனே கிளம்பி வர மனுதாரர் தயாராக உள்ளார். தினமும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவீர்கள் என்பதால் இதில் வைத்துள்ளேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து, கீழே கையெழுத்துக்கு இடம்கூட விட்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. விவசாயி, "நம்ம மனுல எதாச்சும் தப்பாயிருச்சுங்களா?" என்று பதறினார். இல்லை என்று அவருடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிறகு வரிசையை மாற்றி விண்டோஸை முதலில் வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

காரவள்ளியில் மாமனார், "வாங்க மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்துல லீவு கெடைக்கலீங்களா?" என்றார். அவள் எனக்காக அங்கே என்ன சொல்லி வைத்திருந்தாள் என்று புரிந்தது. அவள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். மாமனார் உள்ளே போனதும் தலையைக் குனிந்துகொண்டு, "நான் விண்டோஸ் பக்கமே போகல. உன் மனுவ இன்னைக்குத்தான் படிச்சேன். வா, போலாம்" என்றேன்.

செம்பை என் கையில் கொடுத்தாள்.

"படிச்சுட்டும் வரலைன்னு நெனச்சுட்டேனுங்க" என்றாள். "அப்பவும் சாயங்கால பஸ்ஸு வர்ற நேரத்துக்குத் தெனமும் தல சீவி, சேல மாத்தி, பைய எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."