மேலே போனவர்கள்

ஊரே அவளை ஜீப்பக்கா என்றுதான் கூப்பிட்டது. மலையின் தலையில் உட்கார்ந்திருந்தது அந்த ஊர். பஸ் கடைசி மூன்று கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்ததுமே பயந்து திரும்பிவிடும். அங்கிருந்து ஆட்களையும் காய்கறி மூட்டைகளையும் கேஸ் சிலிண்டர்களையும் ஊருக்குக் கொண்டுவருவது அவளுடைய ஜீப்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு உலகமே இரண்டு இடம். ஊர் என்றால் 'மேலே', மற்றதெல்லாம் 'கீழே'.

வருஷத்துக்கு வருஷம் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டே போயின. இப்போது அவள் தம்பியும் கிளம்பத் தயாராகிவிட்டான். அவனுக்குக் கீழே மருந்துக்கடையில் வேலை. மகளையும் அங்கேதான் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

"பஸ் ஊருக்குள்ள வந்தா இருக்கோம்க்கா. இல்லன்னா இந்த மாசத்தோட கிளம்பறோம்" என்றான்.

"வர வைக்கிறேன்டா."

தம்பி மனைவி சிரித்தாள். "பஸ் வந்தா உங்க ஜீப்புல யாரு அண்ணி ஏறுவா?"

"இப்படியே போனா பேய்தான் ஏறும். அதுகிட்ட காசு வாங்க முடியுமா?"

பஸ் டிப்போவுக்கு அவள் நடையாக நடந்தாள். "அந்த வளைவுல பஸ் ஏறாதும்மா" என்று டிரைவர் கையை விரித்தார். மேனேஜர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வளைவு வரை வருவதாகவும், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

அன்றைக்கு ஊர் மொத்தத்தையும் நடை நடையாக ஜீப்பில் இறக்கி வளைவில் நிறுத்தினாள். பஸ் வரவில்லை, மழைதான் வந்தது. எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். வேறு வழியில்லாமல் திரும்ப ஏற்றிக்கொண்டு போய் ஊரில் விட்டாள். கடைசி ஆள் இறங்கும்போது மேனேஜரின் போன் வந்தது.

"வளைவுல நிக்கிறேன். ஒருத்தரையும் காணோமே?"

"எல்லாரும் மேலே போயிட்டாங்க சார்."

"எல்லாருமா?"

"ஆமா சார். குழந்தைங்கதான் முதல்ல போச்சு. பெரியவங்களும் எவ்வளவு நேரம் தாங்குவாங்க? மண்ணு வேற சரிய ஆரம்பிச்சிடுச்சு."

"அய்யோ! நீங்க?"

"நான்தான் சார் எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்." லைன் அறுந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஊர் அதுவரை கேட்டிராத ஹாரன் சத்தம் கேட்டது. மழையைக் கிழித்துக்கொண்டு பஸ் வந்து நின்றது. மேனேஜர் முதலுதவிப் பெட்டியோடு குதித்தார். ஜீப்பக்கா வீட்டு முன்னறையில் ஊரே தலை துவட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் மேலே போயிட்டாங்கன்னு சொன்னீங்களேம்மா!"

"ஆமா சார். இதுதான் மேலே."

யாருக்கோ முதலில் சிரிப்பு பீறிட்டது. மூலையிலிருந்த பெரியப்பா, "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கு சார்" என்றதும் மேனேஜரே சிரித்துவிட்டார்.

ஜீப்பக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பஸ்ஸையே பார்த்தாள்.

"டிரைவரண்ணே, ஏறாதுன்னு சொன்னீங்களே?"

"அது... அவசரத்துல ஏறிடுச்சும்மா."

"அப்போ தினம் ஒரு தடவை நாங்க செத்துக் காட்டணுமா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஏறினது சரி. பஸ் திரும்ப இடம் எங்கே?"

இடம் ஒன்றுதான் இருந்தது. ஜீப் நிற்கும் இடம். அவள் வண்டியை எடுத்துப் பக்கத்திலிருந்த தன் பீன்ஸ் தோட்டத்துக்குள் இறக்கினாள். செடிகள் நசுங்கின. தம்பி மழையில் ஓடிப்போய் பஸ்ஸின் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டினான். பஸ் முன்னும் பின்னும் அசைந்து, ஒருவழியாகத் திரும்பியது.

"மூணு மாசம் காலையும் சாயங்காலமும் விட்டுப் பார்க்கிறேன். ஆள் ஏறலைன்னா நிறுத்திடுவேன்" என்றார் மேனேஜர்.

தம்பி முகத்து நீரை வழித்துவிட்டான். "காலையில எத்தனை மணிக்கு சார்? நான் கடை திறக்கணும். பாப்பாவும் இனி ஸ்கூல் போகணும்."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் தோட்டத்திலிருந்து ஜீப்பக்கா கத்தினாள்.

"ஏழு மணிக்குடா! தூங்கிட்டு வந்து என்னை ஜீப் எடுக்கச் சொன்னே, நடந்துதான் போகணும், ஆமா!"