ஒரு வருஷம் எனக்கு சாராக இருந்த தம்பி

ஜெபின் போயிட்டான்.

நேற்று காலை வடக்கே அவன் மிலிட்டரி யூனிட்டில் ஓட்டத்துக்குப் போனவன், பாதி வழியில் மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்திருக்கான். அப்படியே சாய்ஞ்சுட்டானாம். ஹார்ட் அட்டாக்... நாற்பது வயசுகூட ஆகலை.

இன்றைக்கு மதியம் பாடி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வருது. அங்கிருந்து குன்னத்துகாலில் அவன் வீட்டுக்கு. சாயங்காலம் எங்க சர்ச்சில் அடக்கம்.

காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியலை. பந்தல் போடுறவங்க பக்கத்தில் போய் நிற்கிறேன், திரும்ப உள்ளே வர்றேன், ஃபுல் சார்ஜில் இருக்கிற போனை மறுபடி சார்ஜில் போடுறேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் இதை போனில் எழுதுறேன்.

அவன் பெட்டியைத் தூக்க எனக்கு ஒரு பக்கம் வேணும். அவ்வளவுதான் கேட்டேன். பெட்டியோட வர்ற கேப்டன் காலையில் போனில் சொல்லிட்டார், "ஸாரி சார், யூனிஃபார்மில் இருக்கிறவங்க மட்டும்தான். ரூல்."

ரூலாம்... என்கிட்ட!

நிறைய பேருக்குத் தெரியாது. ஜெபின் என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயசு சின்னவன். ஆனா மிலிட்டரி அகாடமிக்கு என்னைவிட ஒரு வருஷம் முன்னாடியே போயிட்டான். முதல் தடவையே செலக்ட். நான் தட்டுத்தடுமாறி அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தப்போ, ஐயா எனக்கு சீனியர்.

ஃபர்ஸ்ட் இயர்னா அங்கே மனுஷக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. நடக்கக் கூடாது, ஓடணும். தனியா எங்கேயும் போகக் கூடாது. மெஸ்ஸில் நாற்காலி நுனியில்தான் உட்காரணும், முதுகு சாயக் கூடாது. சீனியர் முகத்தைப் பார்க்கக் கூடாது. கேட்டால் மட்டும் பேசணும், அதுவும் இங்கிலீஷில்.

முதல் நாள் எங்களை காரிடாரில் வரிசையா, சுவரைப் பார்த்து நிறுத்தி வச்சிருந்தாங்க. பின்னாடி ஒரு குரல்... "நேம்?"

எனக்குத் தெரிஞ்ச குரல். ஊரை விட்டு வந்த பயத்தில் நின்னவனுக்கு உசுரே திரும்பி வந்துச்சு. சட்டுன்னு திரும்பி, "எலே ஜெபினே!"ன்னு அவன் தோளில் கையைப் போட்டுட்டேன்.

அன்றைக்கு என் பேட்ச் மொத்தத்துக்கும் மைதானத்தில் ஃப்ரன்ட் ரோல். தலையைத் தரையில் குத்தி, உருண்டு உருண்டு போகணும். பக்கத்தில் உருண்ட ஒருத்தன் வழி முழுக்க என்னை ஹிந்தியில் திட்டிட்டே வந்தான். எனக்கு அப்போ ஹிந்தி தெரியாது, பிழைச்சேன்.

ஆர்டர் போட்டது ஜெபின்தான். முகத்தில் ஒரு அசைவு இல்லை. அடப்பாவி, உனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவனாக்கும் நான்னு உள்ளுக்குள்ளே கொதிச்சேன்.

அந்த வருஷ கிறிஸ்மஸ் லீவு. காலை ஆராதனை. நான் முன்னாடியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கேன். ஜெபின் அவன் அம்மாவோட, அதான் எங்க சித்தியோட, உள்ளே வர்றான். என்னைக் கேட்காமலேயே என் உடம்பு விறைப்பா எழுந்து நின்னுடுச்சு.

"குட் மார்னிங், சார்!"

போதகர் ஜெபத்தை நிறுத்திட்டார். பொம்பளைங்க பக்கத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. சித்தி மட்டும் சிரிக்கலை. "எலே, இவன நீ அங்க என்னவாக்கும் செஞ்சு வச்சிருக்க? உனக்கு அண்ணன்லா இது!"

ஆராதனை முடிஞ்சதும் ஜெபின் என் கையைப் பிடிச்சு சர்ச்சுக்குப் பின்னாடி ரப்பர் தோட்டத்துக்கு இழுத்துட்டுப் போனான்.

"அண்ணே, அங்க நான் உன்ன சும்மா விட்டேன்னு வையி, சொந்தக்காரன்னு சொல்லி மத்தவனுவ ரெண்டு மடங்கு பெரட்டுவானுவ. இங்க நீயாக்கும் சீனியர். ஆர்டர் போடு."

விளையாட்டுக்குச் சொல்றான்னு நினைச்சு, "ஃப்ரன்ட் ரோல்"னேன். கிறிஸ்மஸுக்கு எடுத்த புது வெள்ளைச் சட்டையோட உருண்டான், பாவி. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தலை. சட்டை முழுக்க சருகும் மண்ணும். சித்தியிடம் ரெண்டு பேரும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

ஃபர்ஸ்ட் இயர் கடைசியில், ஒரு ஓட்டத்தில் என் கால் முட்டு போச்சு. இனி ட்ரெயினிங் முடியாது, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க.

ஃபர்ஸ்ட் இயர் பையனைப் பார்க்க சீனியர் ஆஸ்பத்திரிக்கு வர்ற பழக்கமே அங்கே கிடையாது. ஜெபின் வந்தான். வார்டு முழுக்க கேட்க, "அண்ணே"ன்னான். அகாடமி கேட்டுக்குள்ளே அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். ரெண்டு பேரும் அழுதோம்.

நான் திரும்பி வந்து பாறசாலையில் டைல்ஸ் கடை போட்டேன். அவன் மேஜர் ஆனான், அதுக்கும் மேலே போனான். லீவில் வந்தால் முதல் வேலையா கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அண்ணே, சாயா சொல்லு"ம்பான்.

இப்போ அவனைத் தூக்க யூனிஃபார்ம் வேணுமாம். நானும் போட்டவன்தான் கேப்டன் சார்... ஒரு வருஷம்கூட முழுசா இல்லை. அது கணக்கில் வராது, தெரியும்.

கொஞ்ச நேரம் முன்னாடி மறுபடி அவருக்கு போன் போட்டேன். நல்ல பையன், மலையாளி, அவருடைய ரூலை அவர் சொல்றார். நான்தான் கத்திட்டேன்.

சித்தி என் கையிலிருந்து போனை வாங்கினாங்க. நேற்றிலிருந்து யாரிடமும் பேசாதவங்க. மலையாளத்தில், சத்தமே உயராமல் சொன்னாங்க... வீட்டுக்குள்ளிருந்து அவனை எடுக்கிறது அவன் அண்ணன். கேட் தாண்டினால் நீங்க எடுத்துக்கோங்க மோனே.

கேப்டன் சொன்னார், "ஓகே அம்மா."

ஹாலிலிருந்து கேட் வரைக்கும். ஒரு முற்றத்துத் தூரம். அது எனக்கு.

"முட்டு தாங்குமாலே?"ன்னு சித்தி கேட்டாங்க. தாங்கும் சித்தி. தாங்கணும்.

வண்டி அமரவிளை தாண்டியாச்சாம். பந்தல்காரங்க ஏணி இன்னும் வழியில் கிடக்கு, எடுக்கச் சொல்லணும். போனை வைக்கிறேன்.

வா மக்கா. அண்ணன் இங்க நிக்கேன்.