கருவாடு என்று எழுதியிருந்த கிழமைகள்

பிள்ளைகளே, சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் நீங்கள் மூன்று பேரும் அம்மாவைக் கிண்டல் செய்கிறீர்கள். "முட்டைய ஒளிச்சி வெச்ச மகராசி" என்கிறீர்கள். அவளும் சிரித்துக்கொண்டே கரண்டியை ஓங்குகிறாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது எனக்கு நெஞ்சிலேயே நிற்கிறது. அந்த வருஷம் முட்டையை நிறுத்தியது அம்மா இல்லை. அதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகு இரண்டு மாதம் கடலுக்குப் போகாது. எனக்கும் வேலை இருக்காது. அந்த வருஷம் அது தொடங்கும் நேரத்தில்தான் சின்னவளுக்கு ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவாள். மாத்திரை கொடுத்து, தினம் ஒரு முட்டை கொடுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

அம்மா பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, கிழமைவாரியாக என்ன சமையல் என்று எழுதினாள். ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு, மூன்று நாள் சாம்பாரும் ரசமும், ஒரு நாள் கீரை, மூன்று நாள் கருவாடு. ஓரத்தில் எல்லாக் கிழமைக்கும் நேராகச் சின்னவள் பெயர், முட்டை.

"கருவாடு வெக்கிற நாளு காய் வாங்க வாணாம். அந்தக் காசுல அவளுக்கு முட்ட வந்துடும்" என்றாள். கருவாடு விற்கிற அக்காவிடம் காசிமேட்டில் சொல்லிவைக்கப் போவதாகச் சொன்னாள்.

நான் விடவில்லை. "கடல்ல கெடக்கறவன் வூட்ல கருவாட்ட காசு குடுத்து வாங்குவியா? நானே போட்டுத் தரேன்."

"யோவ், நீ மீன் புடிக்கிறவன். உப்பு போடறவன் இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

"இன்னா பெரிய வித்த அது!"

கடலுக்குப் போய்த் திரும்பினால் படகில் போகிற ஆளுக்குக் கைச்செலவுக்கான படிக்காசோடு வீட்டுக் குழம்புக்குக் கொஞ்சம் மீனும் உண்டு. தடைக்கு முந்தின கடைசிப் பயணத்தில், எனக்குப் படிக்காசு வேண்டாம், அதற்கும் மீனாகவே கொடுங்கள் என்று கேட்டேன். படகை ஓட்டுகிறவரை நாங்கள் டிரைவர் என்போம். அவர், "மேல் மீனு ஒரு கூடையா, அடி மீனு ரெண்டு கூடையா? நீயே சொல்லு" என்றார்.

மேல் மீன் என்றால் நேற்றுப் பிடித்தது. அடி மீன், கடலுக்குப் போன முதல் நாளில் பிடித்து, ஒரு வாரம் ஐஸுக்கடியில் கிடந்தது. மேலே இருந்தது எல்லாம் பொடி மீன். அடியில் கை நீளத்துக்குப் பாறை மீன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கெட ஆரம்பித்த மீன் என்று எனக்குத் தெரியாதா என்ன? உப்பில் போட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு இரண்டு கூடையை எடுத்தேன்.

"மாமு, கடலையே வூட்டுக்குத் தூக்கினு போறான்டா!" என்று படகில் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மொட்டை மாடியில் கீறி, உப்புப் போட்டுக் காயவைத்தேன். சதை தடி, முள்வரைக்கும் உப்பு இறங்கவில்லை. மூன்றாம் நாளே வாடை மாறிவிட்டது. அம்மா மூக்கைச் சுளித்து, "இன்னாய்யா நாத்தம்?" என்று கேட்டாள். "காத்து மணலி கம்பெனிங்க பக்கத்துலேர்ந்து அடிக்குது" என்றேன். மேலே இன்னும் உப்பை அள்ளிப்போட்டு தகர டின்னில் அடுக்கி மூடினேன்.

தடை தொடங்கிப் பத்து நாள் இருக்கும். நீங்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். அம்மா டின்னைத் திறந்தாள். உள்ளே எல்லாம் புழு நெளிந்துகொண்டிருந்தது. அவள் நாலைந்தை எடுத்துக் கழுவி, பிய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. நான் கடற்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். கருவாடு என்று எழுதியிருந்த கிழமைகளையெல்லாம் அடித்து, காய் என்று எழுதினாள். காய் வாங்க வேறு எதையாவது விடவேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் யார்டுக்கு மூட்டை தூக்கப் போனேன். வேலை கிடைத்த நாளைவிட, இல்லையென்று திரும்பி வந்த நாள்தான் அதிகம். முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆனது.

"இன்னாம்மா, கோழி ஸ்டிரைக்கா?" என்று பெரியவன் கேட்டான்.

"ஆமாண்டா, கோழிக்கும் தடைக்காலம்" என்றாள். உங்கள் நைனாவின் மீன் கெட்டுப்போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் கிண்டல் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் ஏறவில்லை, இன்னும் இறங்கியிருந்தது. சீட்டைப் பார்த்த நர்ஸம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"முட்ட குடுக்கச் சொன்னமே, குடுத்தியா? பெத்துப் போட்டா போதுமா? இன்னாம்மா தாயி நீ?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே குடுக்கறேம்மா" என்றாள். நான் சின்னவளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். சின்னவளுக்கு நாலு நாள் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். குத்தும்போதெல்லாம் அவள் அம்மாவைத்தான் முறைத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

படகு மறுபடி இறங்குவதற்கு முந்தின நாள் காலை, வலை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே வரிசை, அதே நர்ஸம்மா. என் முறை வந்ததும் சொன்னேன்: "அன்னிக்கு என் சம்சாரத்த திட்டினீங்களே, அது அவங்க தப்பு இல்லம்மா. நான்தான் அடி மீன எடுத்துனு வந்துட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த மீனு? எந்தப் புள்ள? சீட்டு கீதா?"

சீட்டு அம்மாவின் பையில் இருந்தது.

"சீட்டு இல்லாம எதுக்கு வந்து நிக்கிற? தள்ளு, பின்னால ஆளுங்க கீறாங்க."

தள்ளினேன். வாசல்வரை வந்தேன். பிறகு திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றேன்.