சாமந்திக்கு வேண்டிய இருட்டு

சாமந்தி மொட்டு விடவில்லை என்பதற்காக ஒரு மனுஷன் இப்படி அலைவானா என்று என் மனைவி கேட்டாள். அலைந்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ் முடிந்ததும் கே.கே. நகர் வீட்டுக்குப் போகாமல் நேரே மயிலாப்பூருக்கு வண்டியை விட்டேன். அங்கே மொட்டை மாடி போர்ஷனில் அம்மா தனியாக இருந்தாள். அப்பா விட்டுப்போன சாமந்தித் தொட்டிகளும் இருந்தன.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா கடைப் பூ வாங்கவே மாட்டார். தன்னைப் பெற்றவர்களின் கல்லறைக்குத் தன் கையால் வளர்த்த மஞ்சள் சாமந்திதான் போக வேண்டும். பூத்து ஓய்ந்த செடியை ஒட்ட வெட்டி, அடியில் கிளம்பும் கன்றுகளைப் பிரித்து நட்டு, ஆடியில் நுனி கிள்ளி, நவம்பர் பிறக்கும்போது சரியாகப் பூக்க வைத்துவிடுவார். இந்த வருஷம் பிப்ரவரியில் அவரே போய்விட்டார். அந்தப் பூ இனி அவருக்குப் போக வேண்டும்.

நானும் நுனி கிள்ளினேன். எலும்புத்தூள் போட்டேன், கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினேன். செடிகள் மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று வளர்ந்தன. செப்டம்பர் பிறந்தும் ஒரு மொட்டைக் காணோம். ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த ஞாபகம்தான். யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு சாயங்காலம் தண்ணீர் டாங்க்குக்குப் பின்னால் இடுக்கில் ஒதுக்கியிருந்த நோஞ்சான் செடியைப் பார்த்தேன். நான் உரமே வைக்காத செடி. அதில் மிளகு மிளகாக மொட்டு. நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அம்மா வெளி லைட்டைப் போட்டாள். மாடி முழுக்கப் பகலாகிவிட்டது, அந்த இடுக்கைத் தவிர. போனில் தேடினேன். சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டுமாம். இருட்டு போதாவிட்டால் வெறும் இலையாக வளர்ந்துகொண்டே இருக்குமாம்.

அந்த லைட்டை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா தூக்கத்திலேயே போனவர். விடியாத இருட்டில் பக்கத்தில் கை வைத்துத்தான் அம்மா தெரிந்துகொண்டாள். அடக்கம் முடிந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைட்டைப் போடவைத்தாள். விடிய விடிய எரியும். அதன் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை விழுந்தால்தான் அவளுக்குத் தூக்கம். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னாலும் வரமாட்டாள், நான் வந்து தங்குகிறேன் என்றாலும் விடமாட்டாள்.

கோணிச் சாக்கு வாங்கி வந்தேன். தினமும் பொழுது சாய்வதற்குள் ஓடிவந்து, குச்சி நட்டு ஒவ்வொரு தொட்டியையும் மூடினேன். காலையில் அம்மா எடுத்து வைப்பாள். கடல் காற்றில் சாக்கு சரிந்து இரண்டு செடி முறிந்தது. எதற்கு இந்தக் கூத்து என்று ஒரு நாள் அம்மா கேட்டாள். பூச்சி வருகிறது என்று புளுகினேன்.

மறுநாள் நல்ல மழை. தி. நகரில் மாட்டிக்கொண்டு, நனைந்து, தாமதமாகப் படியேறினேன். மாடி இருட்டாக இருந்தது. சாக்குகள் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். லைட் போய்விட்டதா என்று கேட்டேன்.

"நான்தான் அணைச்சேன். டாங்க் பின்னால மட்டும் மொட்டு கீதே, எனக்கு இன்னா கண்ணு இல்லயா?"

"உனக்குப் பயமா இருக்காதாம்மா?"

"இருக்கும்தான். உங்கப்பாவுக்குக் கடைப் பூவ வாங்கினு போய் வெச்சா, அது இத்த விட மோசமா இருக்கும்." பிறகு, "நீ இங்கயே படுத்துக்கோ" என்றாள்.

பூக்கும்வரை அங்கேதான் படுத்தேன். கல்லறைத் திருநாளன்று பாதி மலர்ந்தவையும் முழுக்க மலர்ந்தவையுமாக ஒரு கூடை சாமந்தி கொண்டுபோனோம். ஆனால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த முதல் ராத்திரிதான். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தேன். மேலிருந்து அம்மாவின் கை இறங்கி என் கையைத் தொட்டது. சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. அது தேடும்போது அங்கே இருக்க வேண்டுமே என்று, நான் புரண்டுகூடப் படுக்கவில்லை.