பெரியம்மாவின் வசனம்

பிள்ளைகளே, ஜனக்புரி வீட்டில் உங்கள் பெரியப்பா கூலரை நிறுத்திவிட்டு வேதப்புத்தகத்தைத் திறந்த அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கூலர் ஓடினால் வாசிப்பது காதில் விழாது. அதனால் எவ்வளவு வெக்கையானாலும் குடும்ப ஜெபத்துக்கு அதை நிறுத்திவிடுவார். பெரியம்மாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் அண்ணன் தனியாக என்ன செய்கிறாரோ என்று பார்க்கத்தான் மெட்ரோ பிடித்துப் போயிருந்தேன்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான நாள் முதல் ஆளுக்கொரு வசனமாக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். முதல் வசனம் அண்ணன், அடுத்தது பெரியம்மா. அன்றைக்கும் அண்ணன் முதல் வசனத்தை வாசித்தார். பிறகு இன்னொரு வசனம் வாசிக்கிற நேரம் சும்மா இருந்தார். மூன்றாவதை வாசித்தார். மறுபடியும் சும்மா இருந்தார். கண் தப்பிவிட்டது போல என்று நினைத்து, விட்டுப்போனதை நான் வாசிக்க வாயெடுத்தேன்.

"ஏல, நீ வாசிக்காத. அது அவ வசனம்" என்றார்.

பெரியம்மா படுக்கையில் கிடந்த நாளெல்லாம் சபையே கூடி ஜெபித்தது. அண்ணன் உபவாசம் இருந்து அவள் சுகத்தைக் கேட்டார். கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே சபையார் ஒருவர் தோளில் கைபோட்டு, "அண்ணாச்சி, உங்க விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருந்திருக்கு" என்றாராம். அதிலிருந்து ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வெளியே வந்துவிடுவார். பாதி வசனத்தை விட்டவர் மீதியையும் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அன்று வந்தது, ஆண்டவர் தன்னை மறந்துவிட்டாரோ என்று ஒருவன் அழுகிற சங்கீதம். அவர் செய்த நன்மைக்காகப் பாடுவதாக முடிகிற கடைசி வசனம் பெரியம்மாவின் முறை. அண்ணன் புத்தகத்தை மூடவில்லை. வேர்வை தாளில் சொட்டியது. கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். அப்புறம் அந்த வசனத்தை அவரே வாசித்தார், பெரியம்மா வாசிப்பதைப் போல மெதுவாக.

"எனக்கு இன்னும் விளங்கலடே. என்ன நன்மைன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா அவ இருந்தா இத வாசிச்சிருப்பா" என்றார்.

விசுவாசம் பலப்பட்டால் அழுகை நின்றுபோகும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அண்ணன் அதற்கப்புறமும் அழுதார். இன்றும் அந்த வீட்டில் ஒற்றை ஆளாகத்தான் பொங்கிச் சாப்பிடுகிறார். ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்த காலத்தில் அவர் ஜெபிக்கும்போது இல்லாத ஒரு பிடி இப்போது அவர் குரலில் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் அவர் மயூர் விஹாரில் நம் வீட்டுக்கு வரும்போது நாம் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறோம். நீங்கள் தமிழில் தடுமாறுவீர்கள், ஜல்தி முடிக்கச் சொல்வீர்கள். போன வாரம் சின்னவள், பெரியப்பாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு வசனம் என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "ஒண்ணுதான்டா என்னோடது" என்றார்.